காய்க்கும் முன்பே கொட்டும் பூக்கள்: பசுமைக்குடில் காய்கறிகளும் தாவர ஹார்மோன்களும்



படிவம் 5 உயிரியலில் தாவரங்களின் துலங்கல் பற்றிய ஐந்தாம் பாடத்துக்கு வந்ததும், தாவர ஹார்மோன்களை ஓர் அட்டவணையாகப் போட்டு மனப்பாடம் செய்வது நம் வகுப்புகளில் வழக்கம். ஆக்சின் என்றால் ஒளியை நோக்கி வளைதல், வேர்விடுதல், விதையில்லாக் கனி. எத்திலீன் என்றால் பழுத்தல். அட்டவணையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால், "பசுமைக்குடிலில் தக்காளிப் பூக்கள் உதிர்ந்துவிடுகின்றன. விவசாயி என்ன செய்யலாம்? விளக்குக" என்று ஒரு கேள்வி வந்தால் என்ன ஆகிறது? "ஆக்சின் தெளிக்கலாம்" என்று ஒரே வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

அந்த ஒரு வரியில் மூன்று கேள்விகள் விடுபட்டுப்போகின்றன. பூ ஏன் உதிர்ந்தது? ஆக்சின் அதை எப்படிப் பிடித்து வைக்கிறது? எவ்வளவு தெளிக்க வேண்டும், எப்போது தெளிக்கக் கூடாது? மூன்றாவது கேள்வியை அலட்சியமாக விட்டுவிட முடியாது. காயைக் காப்பாற்றும் அதே ஆக்சின், அளவும் நேரமும் மாறினால் காயைக் கொட்டவும் வைக்கும், செடியைக் கொல்லவும் செய்யும். இந்தக் கட்டுரையில் தக்காளியை முக்கிய எடுத்துக்காட்டாகவும் மிளகாயைத் துணையாகவும் வைத்து இந்த மூன்றையும் பார்ப்போம்.

பூ எந்த இடத்தில் உடைகிறது?

பள்ளித் தோட்டத்தில் தக்காளிச் செடி இருந்தால் ஒரு பூங்கொத்தைக் கையில் பிடித்துப் பாருங்க. பூவின் காம்பு நடுவில் விரல் மூட்டு போல ஒரு சின்ன முடிச்சு தெரியும். பூ உதிரும்போது காம்பு கண்ட இடத்தில் ஒடிவதில்லை. சரியாக அந்த முடிச்சில்தான் பிரிகிறது. மிளகாயில் அந்த இடம் காம்பின் அடியில், தண்டோடு சேரும் இடத்தில் இருக்கிறது. இதைத்தான் உதிர்வு அடுக்கு என்கிறோம். சில வரிசைச் சிறிய செல்கள், அவ்வளவுதான்.

பூ உதிர்வது காற்றில் கிளை முறிவது மாதிரி ஒரு விபத்து இல்லை. செடியே எடுக்கும் ஒரு முடிவு அது. அந்த முடிவு இப்படி நடக்கிறது:

1. பூவிலும் பிஞ்சிலும் உருவாகும் ஆக்சின், காம்பு வழியாகத் தண்டை நோக்கித் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த ஓட்டம் இருக்கும்வரை உதிர்வு அடுக்கின் செல்கள் எத்திலீனைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.
2. பூவில் கருவுறுதல் நடந்தால் சூல்கள் விதைகளாகின்றன. வளரும் விதைகள் ஆக்சினையும் ஜிப்பரலினையும் தருகின்றன. சூலகம் பருத்துக் காயாகிறது. ஆக்சின் ஓட்டமும் நிற்பதில்லை.
3. கருவுறுதல் நடக்காவிட்டால் விதை இல்லை. ஆக்சின் ஓட்டம் சில நாள்களில் குறைகிறது. உதிர்வு அடுக்கு எத்திலீனுக்கு இணங்கத் தொடங்குகிறது.
4. எத்திலீன் தூண்டுவதால் செல்லுலேஸ், பெக்டினேஸ் முதலிய நொதிகள் சுரக்கின்றன. அவை செல்களை ஒட்டி வைத்திருக்கும் பசையையும் சுவரையும் கரைக்கின்றன. பூ தன் எடையிலேயே விழுகிறது.

ஒரு வீட்டுக்குச் சம்பளம் வருகிற வரைதான் மளிகைக் கடையில் கடன் கொடுப்பார்கள் இல்லையா? பூவுக்கும் அதே கதைதான். ஆக்சின் வந்துகொண்டிருக்கும்வரை செடி அந்தப் பூவுக்கு உணவு அனுப்பும். நின்றுபோனால் கணக்கை முடித்துவிடும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஓர் இடம் உண்டு. அப்சிசிக் அமிலம் என்ற பெயருக்கே உதிர்வோடு தொடர்பு இருப்பதால், உதிர்வை நடத்துவது அதுதான் என்று எழுதிவிடுகிறார்கள். 1963-இல் பருத்திப் பிஞ்சிலிருந்து பிரித்தெடுத்தபோது, உதிர்வை விரைவுபடுத்தும் பொருள் என்று கருதித்தான் 'அப்சிசின்' என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு நடந்த ஆய்வுகளில், பெரும்பாலான தாவரங்களில் உதிர்வை நேரடியாக முடுக்குவது எத்திலீன் என்று தெளிவானது. பெயர் மட்டும் பழையபடியே நின்றுவிட்டது. அப்சிசிக் அமிலத்தின் முக்கிய வேலைகள் வறட்சியில் இலைத்துளையை மூடுவதும் விதை உறக்கத்தைக் காப்பதும்தான்.

குடிலுக்குள் ஏன் அதிகம் கொட்டுகிறது?

மழையிலிருந்தும் பூச்சியிலிருந்தும் காப்பாற்றத்தான் பசுமைக்குடில் போடுகிறோம். ஆனால் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் சில விஷயங்களையும் அந்தக் குடில் வெளியே நிறுத்திவிடுகிறது.

முதலாவது, அசைவு. தக்காளி தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆனால் மகரந்தம் மகரந்தப்பைக் குழலுக்குள் இருக்கிறது. யாராவது பூவை அசைத்தால்தான் அது சூல்முடியில் கொட்டும். வெளியே காற்று அசைக்கும். சில வகைத் தேனீக்கள் பூவைப் பிடித்துக்கொண்டு உடலை அதிரவைக்கும். நெகிழியும் வலையும் சூழ்ந்த குடிலுக்குள் இரண்டும் குறைவு.

இரண்டாவது, ஈரப்பதம். காற்றில் ஈரம் 80 விழுக்காட்டுக்கு மேல் போனால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராமல் நின்றுவிடுகிறது.

மூன்றாவது, வெப்பம். தக்காளி நன்றாகக் காய்பிடிக்க இரவு வெப்பம் சுமார் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். கேமரன் மலையில் இரவு ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. மலேசியத் தக்காளியில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். சமவெளியில் இரவிலும் 23, 24 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. பகலில் வெளியே 32 என்றால் காற்றோட்டம் இல்லாத குடிலுக்குள் 35-ஐத் தாண்டிவிடும். இந்த வெப்பத்தில் மகரந்தம் முளைக்கும் திறனை இழக்கிறது. சில இரகங்களில் சூல்தண்டு நீண்டு மகரந்தப்பைக் குழலுக்கு வெளியே வந்துவிடுவதால் மகரந்தம் சூல்முடியில் விழுவதும் குறைகிறது.

வெப்பம் மிக அதிகமாகத் தாக்குவது பூ விரிந்த நாளில் இல்லை. விரிவதற்குச் சுமார் 10 நாள்களுக்கு முன், மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் சமயத்தில்தான். ஆகவே இன்றைக்குக் கொட்டும் பூவுக்குக் காரணம் தேடினால், போன வாரத்துக்கும் முந்தைய வெயிலைப் பார்க்க வேண்டும். தரவு விளக்கக் கேள்விக்கு நல்ல விஷயம் இது. ஆசிரியர்கள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

நான்காவது, உணவுப் போட்டி. வெளிச்சம் குறைந்தாலும், ஏற்கெனவே காய்கள் நிறைய இருந்தாலும், தழைச்சத்து அதிகமாகி இலை மட்டுமே தழைத்தாலும் புதிய பூக்களுக்குச் சர்க்கரை போதாது. குடை மிளகாயில் இது நன்றாகத் தெரியும். முதலில் பிடித்த நாலைந்து காய்கள் பெரிதாகும்வரை மேலே வரும் பூக்கள் கொட்டிக்கொண்டே இருக்கும்.

சீராக்கி என்ன செய்கிறது?

தாவரம் தானே உண்டாக்குவது ஹார்மோன். அதையோ அதைப் போன்ற செயற்கைப் பொருளையோ வெளியிலிருந்து நாம் கொடுத்தால் அதற்குப் பெயர் வளர்ச்சிச் சீராக்கி. கடைகளில் 'வளர்ச்சி ஊக்கி' என்பார்கள். எல்லாமே ஊக்குவிப்பதில்லை, சில கட்டுப்படுத்தவும் செய்கின்றன. அதனால் சீராக்கி என்பதே பொருத்தம்.

1936-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீலிக்ஸ் குஸ்டாஃப்சன், மகரந்தச் சேர்க்கை நடக்காத தக்காளிப் பூக்களின் சூலகத்தில் ஆக்சின் வகைப் பொருள்களைத் தடவினார். விதையே இல்லாமல் காய் வந்தது. விதை கொடுக்க வேண்டிய செய்தியை வெளியிலிருந்தும் கொடுக்க முடியும் என்று அதில் தெரிந்தது. நம் பாடத்தில் வரும் கருவுறாக்கனி இதுதான்.

தக்காளியில் இன்று பரவலாகப் பயன்படும் செயற்கை ஆக்சின் 4-குளோரோபீனாக்சி அசெட்டிக் அமிலம். சுருக்கமாக 4-சி.பி.ஏ. இன்னொன்று நாப்தலீன் அசெட்டிக் அமிலம், அதாவது என்.ஏ.ஏ. மிளகாயில் பூ உதிர்வதைக் குறைக்க இதைத் தெளிக்கிறார்கள். இவை இரண்டு வேலை செய்கின்றன. சூலகத்தைப் பருக்க வைக்கின்றன. காம்பு வழியாக ஆக்சின் ஓட்டத்தைத் தொடரவைத்து உதிர்வு அடுக்கை மூடியே வைக்கின்றன. செல்கள் ஆக்சினைச் சீக்கிரம் சிதைத்துவிடுவது இயற்கை. செயற்கை வகைகள் அவ்வளவு எளிதில் சிதையாமல் பல நாள் நிற்கும். நன்மையும் அதுதான், ஆபத்தும் அதுதான்.

அளவு: கணக்குப் போட்டுப் பாருங்க

1 பி.பி.எம். என்றால் 1 லிட்டர் நீரில் 1 மில்லிகிராம். இதை முதலில் மனத்தில் பதியவைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானில் குடில் தக்காளிக்கு விற்கப்படும் ஒரு கரைசலில் 4-சி.பி.ஏ. 0.15 விழுக்காடு இருக்கிறது. குளிர் காலத்தில், 20 டிகிரிக்குக் கீழே, அதை 50 மடங்கு நீர்க்கச் செய்ய வேண்டும். வெயில் காலத்தில், 20 டிகிரிக்கு மேலே, 100 மடங்கு.

0.15 விழுக்காடு என்பது லிட்டருக்கு 1,500 மில்லிகிராம். 50-ஆல் வகுத்தால் 30 பி.பி.எம். 100-ஆல் வகுத்தால் 15 பி.பி.எம். வெப்பத்தில் செடி அதிகம் உறிஞ்சி வேகமாகத் துலங்குவதால் பாதி அளவே போதும்.

இப்போது ஒரு கணக்கு. 5 லிட்டர் தெளிப்பானில் 15 பி.பி.எம். கரைசல் வேண்டும். தேவையான மருந்து 15 × 5 = 75 மில்லிகிராம். மூலக்கரைசலின் ஒரு மில்லிலிட்டரில் 1.5 மில்லிகிராம் இருக்கிறது. 75 ÷ 1.5 = 50 மில்லிலிட்டர். "கொஞ்சம் கூடுதலாப் போட்டா நல்லாக் காய்க்கும்" என்று யாராவது 100 மில்லிலிட்டர் ஊற்றினால் அது 30 பி.பி.எம். ஆகிவிடும். குளிர் நாட்டுக்கு உரிய அளவு அது. நம் சமவெளி வெயிலில் அந்த அளவைத் தெளித்தால் இலை சுருளும்.

இன்னும் அளவு கூடினால்? களைக்கொல்லியாகப் பயன்படும் 2,4-டி என்பதும் ஒரு செயற்கை ஆக்சின்தான். அகன்ற இலைக் களைகளைக் கொல்வது அதன் தொழில். தக்காளியும் அகன்ற இலைச் செடிதான். பக்கத்து நிலத்தில் தெளித்த 2,4-டி காற்றில் வந்து பட்டாலே தக்காளி இலைகள் முறுக்கிக்கொள்ளும்.

நேரம்: அதே மருந்து, எதிர் விளைவு

ஆப்பிள் தோட்டங்களில் என்.ஏ.ஏ.வை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துகிறார்கள். பூத்துச் சில வாரங்களில் தெளித்தால் அதிகப்படியான பிஞ்சுகள் உதிரும். மீதிப் பழங்கள் பெரிதாகும். அறுவடைக்குச் சற்று முன் தெளித்தால் பழம் உதிராமல் நிற்கும். ஒரே பொருளுக்கு இரண்டு எதிரெதிர் விளைவுகள்!

காரணம் இதுதான். ஆக்சின் மிகுந்தால் செடியில் எத்திலீன் உற்பத்தியும் கூடும். உதிர்வு அடுக்கு திறக்கும் முன் ஆக்சின் கிடைத்தால் உதிர்வு தள்ளிப்போகும். திறக்கத் தொடங்கிய பின் கொடுத்தால் எத்திலீன் கூடி உதிர்வு விரைவுபடும். ஆகவே காம்பு மஞ்சளாகிப் பூ வாடிய பிறகு தெளிப்பது வீண்வேலை மட்டுமில்லை, கெடுதலும்கூட.

தக்காளியில் பின்பற்றும் முறை இப்படி:

- ஒரு கொத்தில் மூன்று, நான்கு பூக்கள் விரிந்ததும் அந்தக் கொத்தின் மேல் மட்டும் ஒரே ஒரு முறை தெளிக்க வேண்டும். முழுச் செடிக்கும் தெளிக்கக் கூடாது.
- குருத்திலும் இளம் இலையிலும் படாமல் கையால் மறைத்துக்கொள்ள வேண்டும். பட்டால் இலை நூல் போல ஒடுங்கிவிடும். பார்ப்பவர்கள் வைரஸ் நோய் என்று ஏமாந்துபோவார்கள்.
- உச்சி வெயிலில் தெளிக்காமல் காலையில் அல்லது மாலையில் தெளிக்க வேண்டும்.
- கையுறை, முகக்கவசம் அணிய வேண்டும். சிட்டையில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அறுவடைக்கு எத்தனை நாள் முன் என்று எழுதியிருப்பதை அப்படியே பின்பற்ற வேண்டும். சிட்டையில் பெயர் இல்லாத பயிருக்குப் பயன்படுத்தக் கூடாது.

இவ்வளவு செய்தாலும் ஊக்கியால் வந்த காய், விதையால் வந்த காய்க்கு ஈடு இல்லை. விதை இல்லாத அறைகளில் சாறு நிறையாமல் காய் உள்ளே வெற்றிடமாக இருக்கலாம். நுனி கூராக நீளலாம். வெற்றிடம் ஏற்படுவதைக் குறைக்க மிகச் சிறிய அளவு ஜிப்பரலின் சேர்ப்பது உண்டு.

எத்திலீன் பக்கம்: ரப்பர் மரமும் அன்னாசியும்

நம் மாணவர்களில் பலருடைய தாத்தா பாட்டி தோட்டத்தில் பால் வெட்டியவர்கள். பால் அதிகம் வடிய, வெட்டுப் பட்டையில் மருந்து தடவிய கதையை வீட்டில் கேட்டுப் பாருங்க. 1970களிலிருந்து அப்படிப் பயன்பட்ட மருந்து எத்திபோன். திசுவுக்குள் போனதும் அது சிதைந்து எத்திலீனை விடுவிக்கும். எத்திலீன், பால்குழாய்கள் சீக்கிரம் அடைபடாமல் பார்த்துக்கொள்வதால் பால் நீண்ட நேரம் வடிகிறது. அன்னாசித் தோட்டத்தில் எல்லாச் செடிகளும் ஒரே சமயத்தில் பூக்கவும் இதையே ஊற்றுகிறார்கள்.

ரப்பருக்கும் அன்னாசிக்கும் பலன் தரும் இந்த எத்திலீன்தான் தக்காளிப் பூவைக் கொட்டவைக்கிறது. ஹார்மோன்களில் நல்லது, கெட்டது என்று தனியாக இல்லை. எந்தத் திசுவில், எந்தப் பருவத்தில், எந்த அளவில் என்பதுதான் விளைவைத் தீர்மானிக்கிறது. பெட்ரோல் இயந்திரப் புகையிலும் எத்திலீன் உண்டு. அதனால் பூத்திருக்கும் குடிலுக்குள் அதை ஓடவிடக் கூடாது.

முதலில் காரணம், பிறகு மருந்து

காரணம் அசைவின்மை என்றால், காலையில் செடி கட்டிய கயிற்றைத் தட்டிவிட்டாலே பலன் உண்டு. பூவை அதிரவைக்கும் மின்கருவியும் இருக்கிறது. ஐரோப்பாவில் 1980களின் இறுதியில் பம்பல் தேனீக் கூடுகளைக் குடிலுக்குள் வைக்கத் தொடங்கிய பிறகு, தக்காளிக்குக் கையால் அதிர்வு கொடுக்கும் வேலை பெருமளவு குறைந்துபோனது.

காரணம் வெப்பம் என்றால், கூரையை உயர்த்திக் காற்றோட்டம் தரலாம், நிழல்வலை போடலாம், வெப்பம் தாங்கும் இரகத்தை நடலாம். 1971-இல் தைவானில் தொடங்கிய ஆசியக் காய்கறி ஆய்வு மையம் இப்படிப்பட்ட தக்காளி இரகங்களை உருவாக்குவதில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. உணவுப் போட்டி என்றால் சில காய்களை முன்கூட்டியே பறிக்கலாம், தழைச்சத்தைக் குறைக்கலாம். இங்கே ஆக்சின் தெளித்துப் பயனில்லை. இருக்கிற சர்க்கரையைப் பங்குபோட இன்னும் சில காய்கள் சேரும், எல்லாமே சிறுத்துப்போகும்.

வெள்ளரிக்கு இந்தத் தொல்லையே இல்லை. குடில் வெள்ளரி இரகங்களில் பல, மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே காய்க்கும் மரபணு கொண்டவை. தெளிக்கவும் வேண்டாம், தேனீயும் வேண்டாம்.

மகரந்தம் வேலை செய்யாத காலநிலை, அதை உடனே மாற்ற வழியில்லை, செடிக்கு உணவு போதுமான அளவு இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் சீராக்கி உண்மையாக உதவும்.

தேர்வில் எப்படி எழுதுவது?

கேள்வி: சமவெளியில் உள்ள ஒரு பசுமைக்குடிலில் தக்காளிப் பூக்கள் காய்க்காமல் உதிர்கின்றன. விவசாயி ஒரு செயற்கை ஆக்சினைப் பூங்கொத்துகளில் தெளிக்கிறார். இச்செயலை விளக்கி மதிப்பிடுக.

மாதிரி விடை: குடிலுக்குள் வெப்பம் அதிகமாக இருப்பதால் மகரந்தம் முளைக்கும் திறன் குறைகிறது. கருவுறுதல் நடக்காததால் விதைகள் உருவாவதில்லை. விதைகள் தரும் ஆக்சின் கிடைக்காததால் காம்பின் உதிர்வு அடுக்கு எத்திலீனுக்குத் துலங்குகிறது. நொதிகள் செல்சுவரைக் கரைப்பதால் பூ உதிர்கிறது. செயற்கை ஆக்சின், விதை தரும் ஆக்சினுக்கு ஈடாக இருந்து சூலகத்தை வளரச்செய்து உதிர்வைத் தடுக்கிறது. கருவுறாக்கனி கிடைக்கிறது. ஆனால் செறிவு கூடினால் எத்திலீன் உற்பத்தி அதிகரித்து உதிர்வு கூடலாம், இலையும் உருமாறலாம். எனவே சரியான செறிவில், பூ விரிந்த பருவத்தில், கொத்துகளில் மட்டும் தெளிக்க வேண்டும். காற்றோட்டத்தை மேம்படுத்துவது நிரந்தரத் தீர்வாகும்.

இந்த விடையில் ஒவ்வொரு வாக்கியமும் முந்தைய வாக்கியத்தின் விளைவாக வருவதைக் கவனியுங்கள். "மதிப்பிடுக" என்ற சொல்லுக்குப் பதில் கடைசி மூன்று வாக்கியங்களில்தான் இருக்கிறது. நன்மையை மட்டும் எழுதி நிறுத்தினால் அந்தப் பகுதிக்கான புள்ளி போய்விடும்.

வகுப்பறையில் செய்து பார்க்க

ஆசிரியர்களே, தக்காளிக்குக் காத்திருக்க வேண்டாம். மலாயில் ஆத்தி-ஆத்தி எனப்படும் கோலியஸ் செடி போதும். ஒரே அளவுள்ள ஆறு இலைகளைத் தேர்ந்தெடுத்து, காம்பை மட்டும் விட்டு இலைப்பரப்பை வெட்டிவிடுங்கள். மூன்று காம்புகளின் வெட்டு முனையில் வெறும் வாசலின் தடவுங்கள். மற்ற மூன்றில், நாற்றங்காலில் விற்கும் ஆக்சின் கலந்த வேர்த்தூளை வாசலினில் குழைத்துத் தடவுங்கள். கையுறை கட்டாயம். தினமும் காம்பை லேசாகத் தொட்டு, எது எத்தனையாவது நாளில் விழுகிறது என்று பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பிறகு மாணவர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். வெறும் வாசலின் எதற்காக? இலைப்பரப்பை வெட்டியதால் காம்புக்கு எது நின்றுபோனது? நான்கு நாள் கழித்து ஆக்சின் தடவியிருந்தால் இதே முடிவு வருமா? மூன்றாவது கேள்விக்குக் காரணத்தோடு பதில் சொல்லும் மாணவருக்கு மேலே உள்ள மாதிரி விடையை மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை இருக்காது.